அழித்தும் இடம் வரவில்லையே!

கேள்வி: எங்கள் அச்சகத்தில் டிசைன் பைல்களுக்காக நான்கு 4 டிபி டிஸ்க் போட்ட நாஸ் பெட்டி (நெட்வொர்க் வழியாக எல்லோரும் பைல் வைத்து எடுக்கும் சேமிப்புப் பெட்டி) இருக்கிறது. ரெய்டு 5 (ஒரு டிஸ்க் போனாலும் பைல்கள் தப்பும்படி எல்லா டிஸ்கிலும் பிரித்து எழுதும் முறை), மொத்த இடமும் ஒரே வால்யூம். போன வாரம் நிரம்பிவிட்டது. பழைய காலண்டர் வேலைகளை 300 ஜிபி அளவுக்கு அழித்தேன்; இடம் துளிகூடக் கூடவில்லை. டிஸ்க் பழுதா? ஒரு டிஸ்கை மட்டும் 8 டிபியாக மாற்றினால் போதுமா?
- அச்சக மேலாளர், சிவகாசி

பதில்: பாவம், டிஸ்க் மேல் பழி போடாதீர்கள். முதலில் ஷேர் போல்டருக்குள் மறைந்திருக்கும் ரீசைக்கிள் போல்டரைப் பாருங்கள். நெட்வொர்க் வழியாக அழித்ததெல்லாம் அங்கே குந்தியிருக்கலாம்.

அதுவும் காலி என்றால் காரணம் ஸ்னாப்ஷாட்தான்; அதாவது, குறிப்பிட்ட நேரத்தில் பைல்கள் இருந்த நிலையைப் பெட்டி அப்படியே பிடித்து வைப்பது. தினமும் ஒன்று எடுத்து முப்பது நாள் வைக்கச் சொல்லியிருந்தால், நீங்கள் அழித்த காலண்டர் அந்த முப்பதிலும் இருக்கும். பழைய ஸ்னாப்ஷாட் ஒன்றிரண்டை நீக்கிப் பயனில்லை; அழிப்பதற்கு முன் எடுத்தவை அத்தனையும் போனால்தான் இடம் திரும்பும். சும்மா விட்டாலும் ஒரு மாதத்தில் தானாகவே வந்துவிடும்.

அவசரப்பட வேண்டாம் என்று சொல்லக் காரணம் உண்டு. கோவையில் ஒரு அலுவலகத்தில் வேலை பார்த்தபோது, சனிக்கிழமை சாயங்காலம் மொத்த ஸ்னாப்ஷாட்டையும் துடைத்துவிட்டு நிம்மதியாக வீட்டுக்குப் போனேன். திங்கள்கிழமை கணக்காளர் வந்து, "சார், மார்ச் லெட்ஜரை யாரோ அழிச்சிட்டாங்க, எடுத்துக் குடுங்க" என்றார். எதிலிருந்து எடுப்பது? பில்களை வைத்து நான்கு நாள் அவரோடு உட்கார்ந்து மறுபடி தட்டினேன். அதனால் வெளி டிஸ்க் ஒன்றில் முழு நகல் எடுத்த பிறகே கை வையுங்கள். ரெய்டு இருக்கிறதே என்பீர்கள். டிஸ்க் ஒன்று போனால் அது காப்பாற்றும். ஆள் அழித்தால் காப்பாற்றாது.

8 டிபி யோசனை சரிவராது. சாதாரண ரெய்டு 5இல் மிகச் சிறிய டிஸ்கின் அளவுதான் கணக்கு. நான்கில் ஒரு டிஸ்க் அளவு பாதுகாப்புக்குப் போய்விடும்; ஆக நான்கையும் மாற்றும்வரை உங்களுக்கு அதே 12 டிபிதான். (திரையில் 10.9 என்று காட்டுகிறதா? கடைக்காரர் ஏமாற்றவில்லை. அவர் ஆயிரத்தால் பெருக்குகிறார், பெட்டி 1024ஆல் வகுக்கிறது.)

வால்யூமை நாலாக உடைக்கலாமா என்று அடுத்துக் கேட்பீர்கள். நான் உடைக்க மாட்டேன். ஒன்று நிரம்பி வழியும், பக்கத்தில் இருப்பது காலியாகக் கிடக்கும். பெரிதாக்குவது எளிது, சுருக்குவது தலைவலி. வால்யூமின் பைல் சிஸ்டம் (பைல்களை அடுக்கி வைக்கும் முறை) எக்ஸ்டி4 என்றால், வேலையை நிறுத்தி, வால்யூமைத் தற்காலிகமாகக் கழற்றி, அதாவது அன்மவுண்ட் செய்துதான் சுருக்க முடியும். அதற்குப் பதில் ஷேர் போல்டர் ஒவ்வொன்றுக்கும் கோட்டா (இட வரம்பு) போடுங்கள். காலண்டர் பிரிவுக்கு 5 டிபி, நோட்டுப் புத்தக அட்டைக்கு 2 டிபி என்கிற மாதிரி. அப்புறம், 80 சதவீதம் தாண்டினால் உங்கள் மெயிலுக்குத் தகவல் வரும்படி வையுங்கள். தீபாவளிக்கு முன்பே வைத்துவிடுங்கள்; காலண்டர் சீசன் தொடங்கிய பிறகு உங்களுக்கு மெயில் பார்க்க ஏது நேரம்?