வெறும் பாக்டீரியாவா?

கேள்வி: இத்தாலியில் பொல்சேனா என்ற ஊரில் 1263-ல் கத்தோலிக்கப் பூசையின்போது, கிறிஸ்துவின் உடலாக நம்பப்படும் நற்கருணை அப்பத்திலிருந்து ரத்தம் வடிந்ததாகச் சொல்லப்படும் அற்புதம், வெறும் பாக்டீரியாவின் வேலையாக இருக்கலாம் என்று போன இதழில் ஒரு துணுக்கு போட்டிருந்தீர்கள். எழுநூறு வருடமாக மக்கள் நம்பிவருவதைக் கெடுத்து யாருக்கு என்ன லாபம்?
– ஒரு வாசகர், திண்டுக்கல்

பதில்: துணுக்கை எடுத்துத் திரும்பப் படித்தேன். அதில் 'பாக்டீரியா' என்றுதான் இருக்கிறது. 'வெறும்' நீங்கள் சேர்த்தது. லாபக் கணக்குக்கு அப்புறம் வருகிறேன். முதலில் இந்த 'வெறும்' பற்றிப் பேசியாக வேண்டும்.

எனக்கும் இந்தச் சொல்லுக்கும் பல வருடத் தகராறு. வெறும் வயிறு, வெறுங்கை, வெறுங்கால் என்னும்போது சரி. வயிற்றில் சோறில்லை, கையில் காசில்லை, காலில் செருப்பில்லை. 'வெறும் ரசாயனம்', 'வெறும் நரம்பு', 'வெறும் பாக்டீரியா' என்னும்போது எது இல்லை? காரணம் தெரிந்துவிட்டால் அந்தப் பொருளே காலியாகிவிடும் என்ற ஒரு நினைப்பு அதற்குள் இருக்கிறது. இந்த இதழுக்கு வரும் கட்டுரைகளில் அப்படி வந்தால் அடித்துவிட்டுத்தான் அச்சுக்கு அனுப்புகிறேன். பழைய வாசகர்களுக்கு இது தெரியும்.

இந்த பாக்டீரியாவையே பாருங்கள். 1819 கோடைக்காலம், பாதுவா நகருக்குப் பக்கத்தில் லென்யாரோ என்ற கிராமம். ஒரு விவசாயி வீட்டில் கிண்டி வைத்த மக்காச்சோளக் களி ரத்தம் தெளித்தது போலச் சிவந்துவிட்டது. பேய் வேலை என்று ஊரே நடுங்கியது. பர்தொலோமியோ பீசியோ என்ற மருந்தியலாளர், அப்போது அவருக்கு முப்பது வயதுகூட ஆகவில்லை, புதுக் களியை ஈரமும் வெக்கையுமான இடத்தில் வைத்துப் பார்த்தார். அதுவும் சிவந்தது. ஓர் உயிர்தான் இதைச் செய்கிறது என்று அவருக்குப் புரிந்துவிட்டது. பூஞ்சை என்று நினைத்தார். அந்தக் காலத்தில் வேறெப்படி நினைக்க முடியும்? 'செராஷியா மார்செசென்ஸ்' என்று பெயர் வைத்தார். நிறம் சீக்கிரம் மங்கிக் கெடுவதால் இரண்டாவது சொல். முதல் சொல், ஆர்னோ ஆற்றில் நீராவிப் படகு ஓட்டிய செராட்டி என்பவரின் நினைவாக. படகுக்கான புகழை அயல்நாட்டுக்காரர் தட்டிக்கொண்டு போய்விட்டார் என்று பீசியோவுக்கு ஆதங்கம். களியில் கண்டுபிடித்ததற்குப் படகுக்காரர் பெயர்! தன் ஊர்க்காரனுக்குக் கிடைக்காத மரியாதையை ஒரு நுண்ணுயிரின் தலையில் எழுதிவைத்த மனிதரை எனக்கு மிகவும் பிடிக்கிறது.

பெர்லினில் எரன்பெர்க் என்ற விஞ்ஞானி 1848-ல் இதே சிவப்பை ஆராய்ந்தபோது, வரலாற்றில் ரத்தம் கசிந்த ரொட்டிகளையெல்லாம் தேடிச் சேர்த்தார். கி.மு. 332-ல் அலெக்சாண்டர் தீர் நகரை முற்றுகையிட்டபோது ஒரு சிப்பாய் ரொட்டியைப் பிட்டான், உள்ளே ரத்தத் துளி. ரத்தம் உள்ளே இருப்பதால் அழிவு நகருக்குள் இருப்பவர்களுக்குத்தான் என்று நிமித்திகர் சொல்லிவிட்டார். எரன்பெர்க் இந்த உயிருக்கு வைத்த பெயரிலேயே 'அற்புதம்' என்ற பொருளுள்ள லத்தீன் சொல் இருக்கிறது. அதன் சிவப்புச் சாயத்தை வேதியியலார் இன்றும் 'புரோடிஜியோசின்' என்கிறார்கள். ஆக, 'அற்புதம்' என்ற சொல்லை விஞ்ஞானிகள் முழுக்க விட்டுவிடவில்லை.

இனி பொல்சேனா. பிராகா நகரத்துப் பேதுரு என்ற குரு ரோமுக்குப் போகும் வழியில் அங்கே பூசை வைக்கிறார். அப்பம் உண்மையிலேயே கிறிஸ்துவின் உடலாகிறதா என்று அவருக்குள் ஒரு சந்தேகம் அரித்துக்கொண்டிருக்கிறது. அப்பம் சிவந்து, பீடத்துத் துணியில் கறை படிகிறது. பக்கத்து ஊரான ஒர்வியேத்தோவில் தங்கியிருந்த போப்பாண்டவர் நான்காம் உர்பானிடம் விஷயம் போகிறது. அந்தத் துணி இன்றும் ஒர்வியேத்தோ பேராலயத்தில் இருக்கிறது. இந்தக் காட்சியை ரஃபேல் வத்திக்கான் சுவரில் ஓவியமாகத் தீட்டினார்.

புளிக்காத கோதுமை அப்பத்தில் செராஷியா நன்றாக வளரும். 1994-ல் அமெரிக்க ஆய்வாளர் யோஹன்னா கல்லன் வளர்த்தே காட்டினார். கொழகொழவென்று சிவப்பாகப் படரும், பார்த்தால் ரத்தம்தான் என்று தோன்றும். ஆனால் பூசை நேரத்துக்குள் வளராது, ஒரு நாளாவது வேண்டும். ஈரமான கல் கட்டடத்தில் முன்பே வைத்திருந்த அப்பமாக இருந்தால் நடக்கலாம். அன்று நடந்தது இதுதான் என்று நான் சத்தியம் செய்ய மாட்டேன். 'இருக்கலாம்' என்று துணுக்கில் போட்டது அதனால்தான்.

இந்த இடத்தில் என் பகுத்தறிவு நண்பர் ஒருவரோடும் எனக்குப் பழைய சண்டை உண்டு. அற்புதம் என்று கேட்ட மாத்திரத்தில் 'சாமியார் சாயம் ஊற்றியிருப்பான்' என்பார். எத்தனை முறை சொல்லியும் விடமாட்டார். பேதுரு ஏன் பொய் சொல்லியிருக்க வேண்டும்? தன் சந்தேகத்தோடு நின்ற மனிதர், கண்முன்னே சிவப்பைப் பார்த்தார், பார்த்ததைச் சொன்னார். இயற்கைக் காரணம் அவரை மோசடிக்காரர் என்ற பட்டத்திலிருந்து விடுவிக்கிறது. நண்பர் இதை ஒருமுறையாவது ஒப்புக்கொள்ள வேண்டும்.

சரி, லாபத்துக்கு வருகிறேன். ரத்தம் வடியும் அப்பம் எல்லா ஊரிலும் விழாவோடு முடியவில்லை. வட ஜெர்மனியில் ஷ்டெர்ன்பெர்க் என்ற ஊரில், நற்கருணையைக் குத்தி ரத்தம் வரவைத்தார்கள் என்று குற்றம் சாட்டி 1492-ல் 27 யூதர்களை எரித்தார்கள். பெர்லினில் 1510-ல், நற்கருணையை அவமதித்தார்கள் என்று 38 பேரை எரித்தார்கள். இவற்றுக்கெல்லாம் பாக்டீரியாதான் காரணம் என்று நான் சொல்லவில்லை. பொய்யும் பொறாமையும் போதும். ஆனால் அப்பம் சிவந்தால் குத்தியவன் ஒருவன் இருக்க வேண்டும் என்று ஊர் நம்பத் தயாராக இருந்ததே, அந்த நம்பிக்கைக்கு விலை கொடுத்தவர்கள் அவர்கள். 'அது தானாகவும் சிவக்கும்' என்று சொல்ல அன்று ஒருவர் இருந்திருந்தால் எவ்வளவு நன்றாயிருந்திருக்கும்! இதைவிடப் பெரிய லாபம் எனக்குத் தெரியாது.

திருச்சபைக்குள்ளேயே தயங்கியவர்கள் இருந்தார்கள் என்பதையும் சொல்ல வேண்டும். ஜெர்மனியில் வில்ஸ்னாக் என்ற ஊரில் 1383-ல் கோயில் எரிந்து, சாம்பலில் ரத்தத் துளியோடு மூன்று அப்பங்கள் கிடைத்ததாகச் சொல்லி ஐரோப்பாவே அங்கே யாத்திரை போனது. பிராகா நகரத்துச் சீர்திருத்தக் குரு யான் ஹுஸ் எதிர்த்து எழுதினார். கர்தினால் நிக்கோலாஸ் குசானுஸ் 1451-ல் இப்படிப்பட்ட அப்பங்களைக் காட்டி வழிபடுவதையே தடை செய்தார். இரண்டே வருடத்தில் போப்பாண்டவர் வில்ஸ்னாக்கை மறுபடி அனுமதித்தார். கர்தினால் நம்பிக்கையைக் கெடுக்க வந்தவரா? நீங்கள்தான் சொல்ல வேண்டும்.

இன்னொரு முறையும் இந்த 'வெறும்' ஆபத்தில் கொண்டுபோய் விட்டிருக்கிறது. 1950 செப்டம்பரில் அமெரிக்கக் கடற்படை, கிருமிப் போர் ஒத்திகைக்காக, சான் பிரான்சிஸ்கோ கடலோரத்தில் கப்பலிலிருந்து செராஷியாவைக் காற்றில் தூவியது. தீங்கில்லாதது, சிவப்பாக இருப்பதால் எங்கே போய் விழுந்தது என்று கண்டுபிடிப்பதும் சுலபம் என்பது அவர்கள் எண்ணம். அந்த நாட்களில் நகர மருத்துவமனை ஒன்றில் 11 பேருக்கு இதே தொற்று வந்தது, ஒருவர் இறந்தார். விஷயம் வெளியே வரவே கால் நூற்றாண்டு ஆனது. இறந்தவரின் குடும்பம் வழக்குப் போட்டுத் தோற்றது. இன்று மருத்துவமனைத் தொற்றுகளில் இந்தப் பெயரை டாக்டர்கள் அசட்டையாக எடுத்துக்கொள்வதில்லை.

உங்கள் வீட்டிலும் இருக்கலாம். குளியலறையில் வாளிக்கு அடியில், சோப்புத் தண்ணீர் தேங்கும் மூலையில் இளஞ்சிவப்பாக வழவழவென்று ஒன்று படிகிறதே, அது இதுவாக இருக்கலாம். தேய்த்துக் கழுவி, ஈரம் தங்காமல் துடைத்துவிடுங்கள். வீட்டில் கான்டாக்ட் லென்ஸ் போடுகிறவர்கள் இருந்தால் லென்ஸ் டப்பாவை அந்தப் பக்கம் வைக்க வேண்டாம். இது கண்ணில் புண் உண்டாக்கும்.