எண்பது வேலையும் ஒரே நேரத்தில் வேண்டாம்

கேள்வி: வீட்டிலேயே தையல் கடை வைத்திருக்கிறேன். போனில் மைக்ரோசாஃப்ட் டூ டூ ஆப்பில் எல்லாவற்றையும் எழுதுகிறேன். ரவிக்கை ஆர்டர், மகனின் ஸ்கூல் ஃபீஸ், சிலிண்டர் என்று எண்பது வரி சேர்ந்துவிட்டது. திறந்தாலே மலைப்பாக இருக்கிறது. என்ன செய்வது?
– வாசகி, ஈரோடு

பதில்: எதையும் அழிக்காதீர்கள், சகோதரி. எழுதி வைப்பது நல்ல பழக்கம். எல்லாம் ஒன்றாகக் கண்ணில் படுவதுதான் தொல்லை. அறுபது வரிக்கு நடுவே அம்மாவின் பிரஷர் மாத்திரையைக் கவனிக்காமல் விட்டவன் நான். அன்றிலிருந்து காலை டீயோடு ஐந்தே ஐந்து வேலைகளை, அதே ஆப்பில் இன்றைய வேலைக்கென்று இருக்கும் 'மை டே' (My Day) பக்கத்தில் சேர்க்கிறேன். நாள் முழுக்க அந்தப் பக்கத்தை மட்டும்தான் பார்ப்பேன். நள்ளிரவில் அது தானாகக் காலியாகிவிடும். முடியாத வேலை அதன் பழைய பட்டியலில் பத்திரமாக இருக்கும். பயப்பட வேண்டாம்.

அப்புறம், வெளியே போய்ச் செய்யும் வேலை ஒவ்வொன்றையும் 'கடைவீதி' என்ற சொல்லோடு தொடங்குங்கள்: 'கடைவீதி – லைனிங் துணி, ஊக்கு'. கிளம்பும்போது தேடும் இடத்தில் அந்தச் சொல்லை அடித்தால், எந்தப் பட்டியலில் இருந்தாலும் எல்லாம் வந்து நிற்கும்.

ரவிக்கைக்கு மட்டும் ஒன்று சொல்கிறேன். ஆப்பில் கெடு தேதி (Due date) கேட்கும் இடத்தில் டெலிவரி தேதியைப் போடாதீர்கள். துணி வெட்ட வேண்டிய நாளைப் போடுங்கள். டெலிவரி தேதியை வேலையின் பெயரோடு எழுதினால் போதும். கெடு தேதி போட்டவை தானாக 'பிளான்ட்' (Planned) பட்டியலில் சேரும். அதில் இந்த வாரத்தை மட்டும் வடிகட்டிப் பார்க்கலாம். ஞாயிறு இரவு ஒருமுறை பாருங்கள்.