ஒற்றை நட்சத்திரத்துக்குப் பதில் எழுதலாமா? – பதிப்பாசிரியர் ஒருவருடன் கேள்வி பதில்

கேள்வி: என் முதல் நாவலைப் பற்றி ஒரு வாசகர், "குப்பை. நாற்பதாம் பக்கத்தில் மூடி வைத்துவிட்டேன்" என்று எழுதி ஒற்றை நட்சத்திரம் கொடுத்திருக்கிறார். மரியாதையாக ஒரு விளக்கம் எழுதினால் என்ன, ஐயா?

பதில்: எழுதாதீர்கள். எவ்வளவு பணிந்து எழுதினாலும் வேடிக்கை பார்ப்பவர்கள் கண்ணுக்கு அது சண்டைதான்.

அந்த இரண்டு வாக்கியங்களைப் பிரித்துப் பாருங்கள். "குப்பை" என்பதில் உங்களுக்குச் செய்தி ஏதுமில்லை. "நாற்பதாம் பக்கம்" நல்ல செய்தி. அந்தப் பக்கத்தை எடுத்து உரக்கப் படியுங்கள். என் கைக்கு வரும் கைப்பிரதிகளில் இப்படிப்பட்ட இடத்தில் பெரும்பாலும் கதை நின்றுபோய், யாரோ ஒருவரின் வம்ச வரலாறு தொடங்கியிருக்கும். ஒரே பத்தியில் ஏழு பெயர்கள் வரும். யார் யாருக்கு என்ன உறவு என்று முன்பக்கத்தைப் புரட்டிப் பார்த்துச் சலித்த வாசகர், அதை விளக்கிச் சொல்லத் தெரியாமல் "குப்பை" என்கிறார். அவர் சொல்லும் காரணம் தவறாக இருக்கலாம்; அலுத்துப்போன இடம் தவறாக இருக்காது. ஒருவர் சொன்னால் அவருடைய ரசனை என்று விட்டுவிடலாம். ஒருவருக்கொருவர் அறிமுகமில்லாத மூவர் ஒரே அத்தியாயத்தில் நின்றுவிட்டால் கோளாறு அத்தியாயத்தில்தான்.

கேள்வி: நன்றி மட்டும் சொல்லிவிட்டு வந்துவிடலாமா?

பதில்: கூடாது. முதல் பதிலைப் படியுங்கள்.

கேள்வி: நண்பர்களை விட்டு ஐந்து நட்சத்திரம் போடச் சொன்னால் சராசரி ஏறுமே?

பதில்: ஏறும், கூடவே உங்கள் பெயர் இறங்கும். அமெரிக்காவில் கெய்ட் கொரெய்ன் என்ற அறிமுக எழுத்தாளர் வாசகர்கள் நூல்களை மதிப்பிடும் குட்ரீட்ஸ் இணையதளத்தில் போலிக் கணக்குகள் தொடங்கித் தன் நூலை உயர்த்தியதும், சக அறிமுக எழுத்தாளர்களுக்கு ஒற்றை நட்சத்திரம் போட்டதும் 2023 டிசம்பரில் அம்பலமாயின. பதிப்பகம் நூலைக் கைவிட்டது, முகவரும் விலகிக்கொண்டார். வெளிவராத நூலுக்காக இத்தனை பாடு.

கேள்வி: என் நூலும் வெளிவரவில்லை. அதற்குள் ஒற்றை நட்சத்திரங்கள் குவிகின்றன. எப்படி?

பதில்: வெளியீட்டுக்கு முன்பே மதிப்பிட அந்தத் தளம் இடம் கொடுக்கிறது. 2023 ஜூனில் அமெரிக்க எழுத்தாளர் எலிசபெத் கில்பர்ட் ரஷ்யாவைக் களமாகக் கொண்ட நாவலை அறிவித்தவுடன் நூற்றுக்கணக்கான ஒற்றை நட்சத்திரங்கள் விழுந்தன. போர்க்காலத்தில் இப்படியொரு நூலா என்ற உக்ரைன் வாசகர்களின் கோபம் அது. அவர் வெளியீட்டைத் தள்ளிவைத்தார். அதை எதிர்ப்பு என்று சொல்லலாம், விமர்சனம் என்று சொல்ல முடியாது. உங்களுடையது போலிக் கணக்குகளின் வேலை என்றால் பதிப்பாளர் வழியாகப் புகார் கொடுங்கள். நீங்கள் போய்ப் பதில் எழுதாதீர்கள்.

கேள்வி: ஒரு கதைகூட எழுதாத ஒருவர் என் நாவலைச் சாடி விமர்சனம் எழுதியிருக்கிறார். அவருக்கு என்ன தகுதி? ஆங்கிலக் கவிஞர் கீட்ஸைக் கொன்றதே விமர்சனம்தானே?

பதில்: கீட்ஸைக் கொன்றது காசநோய், 1821-இல், ரோமில். விமர்சனம் கொன்றது என்ற கதையைப் பரப்பியதில் சக கவிஞர்களான ஷெல்லிக்கும் பைரனுக்கும் பங்குண்டு. 1818-இல் அவரைத் தாக்கியவர்களும் சாதாரண வாசகர்கள் அல்லர், பத்திரிகை விமர்சகர்கள். அந்த அக்டோபரில் பதிப்பாளருக்கு எழுதிய கடிதத்தில், அவர்கள் தரக்கூடிய வலியைவிடத் தன் எழுத்தைத் தானே எடைபோட்டதில் வந்த வலி பெரிது என்கிறார் கீட்ஸ். மறு ஆண்டு எழுதியவைதான் அவருடைய புகழ்பெற்ற பாடல்கள்.

தகுதி என்றால், படித்திருக்க வேண்டும். அவ்வளவுதான்.

குறுக்கிட்ட ஒரு வாசகர்: இவர் குறிப்பிடும் விமர்சனத்தை எழுதியவன் நான்தான். காசு கொடுத்து வாங்கி, முழுதும் படித்தேன்.

கேட்டவர்: அட்டையைத்தான் படித்திருப்பார்!

வாசகர்: ஐந்தாம் அத்தியாயத்தில் இறந்துபோன மாமா பதினொன்றில் உட்கார்ந்து செய்தித்தாள் படிக்கிறார். இது அட்டையிலா இருந்தது?

கேட்டவர்: அது நனவோடை உத்தி. பாத்திரத்தின் மனதில் ஓடும் பழைய நினைவு.

பதில்: உத்தி என்றால் பதினொன்றாம் அத்தியாயத்தில் "அன்று" என்றாவது ஒரு சொல் இருந்திருக்க வேண்டும். வாசகரே, உங்களுக்கும் ஒன்று: மாமாவைக் கண்டுபிடித்தது அருமை; அதே விமர்சனத்தில் ஆசிரியரின் படிப்பைக் கிண்டல் செய்திருக்கிறீர்களே, அது எதற்கு? நூலைத் திட்டுங்கள், ஆளை விட்டுவிடுங்கள்.

ஆசிரியர் வாயைத் திறந்ததும் என்ன ஆயிற்று என்று மற்றவர்களும் பார்த்துக்கொள்ளுங்கள். இதுவரை ஒருவருக்கு மட்டும் தெரிந்திருந்த மாமா இப்போது ஊருக்கெல்லாம் தெரிந்துவிட்டார். இதற்குப் பின் இந்த அமர்வில் பாதிக் கேள்விகள் அவரைப் பற்றித்தான் வந்திருக்கின்றன. அவற்றை எடுத்துக்கொள்ளப் போவதில்லை.

கேள்வி: பொதுவில் வேண்டாம், தனிமடலில் விளக்கலாமா?

பதில்: அது இன்னும் மோசம். கேத்லீன் ஹேல் என்ற அமெரிக்க எழுத்தாளர், தன் நூலைச் சாடியவரின் வீட்டு வாசல் வரை தேடிப்போனதை 2014-இல் 'கார்டியன்' நாளிதழில் தானே எழுதினார். வாசகர்கள் யார் பக்கம் நின்றார்கள் என்று சொல்ல வேண்டியதில்லை. தனிமடலில் தொடங்குபவர்கள் வாசலில் போய் நிற்க அதிக நாளாகாது.

கேள்வி: பதில் எழுதவே கூடாதா? ஒரே ஒரு முறை?

பதில்: கூடாது, கூடாது.

கேள்வி: ஐயா, விமர்சனங்களைப் படிக்காமலே இருந்துவிடலாமா? படித்தால் அடுத்த வாரம் முழுக்க எழுத வரவில்லை.

பதில்: தாராளமாக. நம்பகமான ஒருவரிடம் படிக்கக் கொடுத்துவிடுங்கள். பக்க எண்ணோ அத்தியாயமோ குறிப்பிட்டுச் சொல்லப்பட்டவற்றை மட்டும் அவர் ஒரு தாளில் குறித்து வைக்கட்டும். வசவும் வேண்டாம், புகழ்ச்சியும் வேண்டாம். அடுத்த பதிப்புக்கு மெய்ப்புப் பார்க்க உட்காரும் அன்று அந்தத் தாளைக் கேட்டு வாங்குங்கள், அதற்கு முன்னால் வேண்டாம்.