வேலைய விடறதுக்கு முன்னாடி பென்டிரைவ கீழ வைங்க

கேள்வி: வக்கீல் சார், நான் ஓசூர் சிப்காட்ல ஒரு கம்பெனில எட்டு வருஷமா டிசைன் இன்ஜினியரா இருக்கேன், வண்டி பார்ட்ஸ செய்யும்போது அசையாம புடிச்சு வைக்கற ஜிக், ஃபிக்சருக்கு டிராயிங் போடறது வேலை. சொந்த ஊர் காவேரிப்பட்டணம். எங்க மச்சான் மாங்கூழ் ஃபேக்டரில இருக்காரு, சீசன் நடுவுல மெஷின் பார்ட் ஒடஞ்சா வெளியூருக்குதான் ஓடறோம், நீயே இங்க ஒரு பட்டறை போடேன்னு சொன்னாரு, அன்னிலேர்ந்து ராத்திரி தூக்கமே இல்ல. கூட வேலை செய்யறவங்க ரெண்டு பேரும் ரெடின்றாங்க. ஆனா அப்பாயின்ட்மென்ட் ஆர்டர்ல "வேலையை விட்டபின் இரண்டு ஆண்டுகள் இதே தொழிலில் ஈடுபடக் கூடாது"ன்னு போட்டிருக்கு. இப்பவே வீட்டுக்காரம்மா பேர்ல ஜிஎஸ்டி எடுத்து ஆரம்பிச்சா மாட்டிக்குவனா?
- பெயர் வேண்டாம், காவேரிப்பட்டணம்

பதில்: தம்பி, பயப்பட வேண்டாத கண்டிஷனுக்கு பயந்துட்டு பயப்பட வேண்டிய இடத்துல தைரியமா இருக்கீங்க. அந்த ரெண்டு வருஷ கண்டிஷன முதல்ல முடிச்சிடலாம். இந்திய ஒப்பந்தச் சட்டம் 1872, பிரிவு 27, ஒருத்தர் தொழில் பண்றத தடுக்கற ஒப்பந்தம் அந்த அளவுக்கு செல்லாதுன்னு சொல்லுது, அதனால வேலைய விட்டப்புறம் நீங்க பட்டறை போடறத மட்டும் அந்த கண்டிஷன காட்டி தடுக்கறது கம்பெனிக்கு ரொம்ப கஷ்டம். ஆனா வேலைல இருக்கற வரைக்கும் கதையே வேற. சம்பளம் வாங்கற காலத்துல வெளில வேலை பார்க்கக்கூடாதுங்கற கண்டிஷன் செல்லும்னு சுப்ரீம் கோர்ட் 1967லயே சொல்லிடுச்சு. உங்க கம்பெனி பண்றது வண்டி பார்ட்ஸ், நீங்க பண்ணப்போறது கூழ் மெஷின் பார்ட்ஸ், நேரா போட்டி இல்லதான், ஆனா ஆர்டர்ல "வேறு எந்தத் தொழிலும்"னு ஒரு வார்த்தை இருந்தா அந்த வித்தியாசம் உங்கள காப்பாத்தாது, எடுத்து இன்னொரு தடவை படிச்சுப் பாருங்க.

வீட்டுக்காரம்மா பேர்ல போடறது நம்ம பக்கம் எல்லாரும் சொல்ற வழிதான். அவங்க நெஜமாவே தொழில் பண்ணா தப்பே இல்ல. ஆனா டிராயிங் உங்களுது, கஸ்டமர் போன் உங்களுக்கு, ஷிஃப்ட் நேரத்துல வாட்ஸ்அப்ல கொட்டேஷன் அனுப்பறது நீங்கன்னு ஆச்சுன்னா பில்லுல யார் பேர் இருந்தும் பிரயோஜனம் இல்ல. கம்பெனியா ரிஜிஸ்டர் பண்ணி நீங்க டைரக்டர் ஆனீங்கன்னா அது இன்னும் வெளிப்படை, கார்ப்பரேட் அமைச்சகத்தோட வெப்சைட்ல யார் வேணா தேடிப் பார்க்கலாம்.

இப்ப மெயின் விஷயம். போன வருஷம் கிருஷ்ணகிரில என் ஆபீஸுக்கு உங்கள மாதிரியே ஒருத்தர் வந்தாரு, வேலைய விட்டு மூணு மாசம், பழைய கம்பெனிலேர்ந்து நோட்டீஸ். "நானே போட்ட டிராயிங் சார், என் மூளை சார்"னு லேப்டாப்ப திறந்து காட்டறாரு. கீழ வலது மூலைல டைட்டில் பிளாக், அதாவது டிராயிங் விவரம் போடற கட்டம், அதுல கம்பெனி பேர அழிச்சிட்டு தன் பட்டறை பேர போட்டிருக்காரு, சரி. ஃபைலோட ப்ராப்பர்ட்டீஸ்ல போய் பார்த்தா ஆத்தர்ங்கற இடத்துல பழைய கம்பெனி லாகின் ஐடி அப்படியே உக்காந்திருக்கு. மனுஷன் மூஞ்சி போன போக்க நான் சொல்லவே வேணாம்.

பதிப்புரிமைச் சட்டம் (காப்பிரைட்) 1957, பிரிவு 17 படி, வேலையோட பாகமா நீங்க போட்ட டிராயிங்குக்கு முதல் ஓனர் கம்பெனிதான், வேற மாதிரி எழுதி வச்சிருந்தா ஒழிய. சாஃப்ட்வேர் கோடுக்கும் இதேதான். உங்க கைத்திறமை, எட்டு வருஷ அனுபவம், எந்த இரும்புக்கு அளவுல கூடக்குறைய எவ்ளோ விடலாம்ங்கற டாலரன்ஸ் கணக்கு, இதெல்லாம் உங்களோட வரும், யாரும் புடுங்க முடியாது. ஃபைல் வராது. அனுமதி இல்லாம காப்பி பண்ணா ஐடி சட்டம் 2000, பிரிவு 43ல நஷ்டஈடு, நேர்மையில்லாம பண்ணதுன்னு ஆச்சுன்னா 66ல மூணு வருஷம் வரைக்கும் ஜெயில் இல்லன்னா 5 லட்சம் வரைக்கும் அபராதம், ரெண்டும் சேர்ந்தும் வரலாம். கஸ்டமர் லிஸ்ட், ரேட் லிஸ்ட்ட எக்ஸல்ல எடுத்துட்டு போறதும் இதுல சேத்திதான். கிளம்பும்போது லேப்டாப்ப "கிளீன்" பண்றேன்னு ஃபார்மட் போட்டுடாதீங்க, கம்பெனி டேட்டாவ அழிச்சதா அது வேற ஒரு கேஸா திரும்பும். அப்படியே குடுத்துட்டு, வாங்கிக்கிட்டேன்னு ஒரு மெயில் வாங்கிக்குங்க.

அப்ப இப்ப என்னதான் பண்ணலாம்? ஞாயித்துக்கிழமை இடம் பாருங்க, லேத்துக்கு கொட்டேஷன் வாங்குங்க, பேங்க்ல லோன் கேளுங்க, எல்லாம் சொந்த போன்ல, சொந்த நேரத்துல. பொதுவா இந்த மாதிரி முன்னேற்பாட்டுல பெருசா பிரச்சனை வராது. ஆர்டர் எடுக்கறது, பில் போடறது ரிலீவிங் லெட்டர் கைக்கு வந்தப்புறம். அந்த ரெண்டு பேர இப்பவே நீங்க இழுக்காதீங்க, ஆள் கலைச்சிட்டு போனான்னு சொல்றதுக்கு கம்பெனிக்கு அது ஒண்ணே போதும், அவங்களா முடிவு பண்ணி அவங்களா வரட்டும். அப்புறம் சிறு தொழிலுக்கான உத்யம் பதிவுக்கு எவனாவது ஆயிரம் ரூவா கேட்டா குடுத்துடாதீங்க, அரசு வெப்சைட்ல அது இலவசம்.

கேள்வி: அக்ரிமென்ட்ல மூணு வருஷ பாண்ட், நடுவுல போனா 2 லட்சம் கட்டணுமாம். ஒண்ணரை வருஷம் ஆச்சு, ஃப்ரெண்ட்ஸோட ஆப் ஆரம்பிக்கணும், பாண்டெல்லாம் செல்லாதுன்றாங்களே சார்?
- பாலக்கோடு வாசகி

பதில்: சொன்னவங்க உங்களுக்காக கட்டுவாங்களான்னு கேளுங்கம்மா. 2025 மே மாசம் சுப்ரீம் கோர்ட் ஒரு பொதுத்துறை பேங்க் கேஸ்ல இதே மூணு வருஷம், இதே 2 லட்சம் பாண்ட் செல்லும்னு தீர்ப்பு குடுத்திருக்கு, ஒப்பந்தச் சட்டம் பிரிவு 27 அங்க உதவல. அதுக்காக எல்லா பாண்டும் அப்படியே செல்லும்னு இல்ல, அதே சட்டம் பிரிவு 74 படி நியாயமான நஷ்டஈடுதான் வாங்க முடியும், உங்களுக்கு டிரெய்னிங்னு என்ன செலவு பண்ணாங்க, உங்க சம்பளம் என்னன்னு எல்லாம் பார்ப்பாங்க. நோட்டீஸ் பீரியட ஒழுங்கா முடிச்சிட்டு, மீதி ஒண்ணரை வருஷத்துக்கு தகுந்த மாதிரி தொகைய குறைச்சுக்கச் சொல்லி எழுத்துல கேளுங்க. நிறைய இடத்துல பேசினா இறங்கி வருவாங்க.

கேள்வி: தர்மபுரில அரசு அலுவலகத்துல இருக்கேன். லீவு நாள்ல மட்டும் ஆன்லைன் மசாலா பிசினஸ் பண்ணலாமா?
- ஒரு வாசகர்

பதில்: முன்அனுமதி இல்லாம வேணாம் சார், தமிழ்நாடு அரசு ஊழியர் நடத்தை விதிகள் 1973 லீவு நாள், வேலை நாள்னு பிரிச்சுப் பார்க்காது. அனுமதி கேட்டு எழுதிப் போடுங்க, பதில் வர்ற வரைக்கும் மசாலா வீட்டுக் கொழம்புக்கு மட்டும்.