இந்தோனேசியாவின் சுலவேசித் தீவில் உள்ள தொராஜா மலைநாட்டில் வெளிநாட்டவர் நிலம் வாங்க முடியுமா?

சொந்தமாக வாங்க முடியாது. இந்தோனேசியாவின் 1960 நிலச் சட்டப்படி ‘ஹக் மிலிக்’ எனும் முழு உரிமை அந்நாட்டுக் குடிமக்களுக்குத்தான். அங்கே வசிக்க அனுமதி உள்ள வெளிநாட்டவர் ‘ஹக் பக்காய்’ எனும் பயன்பாட்டு உரிமை பெறலாம்: முதலில் 30 ஆண்டு, அப்புறம் நீட்டிப்பு. உள்ளூர் நண்பர் பெயரில் வாங்கிப் போடலாம் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். அந்த ஏற்பாடு சட்டப்படி செல்லாது. கொடுத்த பணமும் திரும்பாது.

தொராஜாவில் இன்னொரு சிக்கலும் உண்டு. ‘தொங்கோனான்’ எனும் குலவீட்டைச் சேர்ந்த நிலம் மொத்தக் குடும்பத்துக்கும் பொது. ஒருவர் கையெழுத்துப் போட்டால் போதாது, தொலைவில் மக்காசார் நகரில் வேலை பார்க்கும் பங்காளியும் சம்மதிக்க வேண்டும். நான் என்றால் முதலில் தொராஜாவின் ராந்தேபாவோ ஊரில் வாடகைக்கு இருந்து பார்ப்பேன். ஆகஸ்டில் மட்டும் போகாதீர்கள். அப்போது நடக்கும் ஈமச் சடங்குகளுக்கு வரும் கூட்டத்தில் அறை கிடைப்பது கஷ்டம்.