'தி' போட்டால் என்ன குடி முழுகிவிடும்?

கேள்வி: என் மகள் பள்ளிக் கட்டுரையில் 'ஐ லவ் தி நேச்சர்' என்று எழுதினாள். ஆசிரியை 'தி'யைச் சிவப்பு மையால் அடித்து அரை மதிப்பெண் குறைத்துவிட்டார். 'தி ஸன்', 'தி மூன்', 'தி ஸீ' எல்லாம் சரி என்றால் 'தி நேச்சர்' மட்டும் எப்படித் தப்பாகும்? மலை, அருவி, ஸீனரிஸ் எல்லாம் சேர்ந்ததுதானே நேச்சர்? ஆங்கிலத்துக்கு விதியே கிடையாது என்பதற்கு வேறு சாட்சி வேண்டுமா? தமிழில் 'இயற்கை' என்ற ஒரே சொல்லோடு வேலை முடிந்துவிடுகிறது!

பதில்: ஆசிரியை செய்தது சரி. அரை மதிப்பெண்ணை மறந்துவிடுங்கள்.

'ஐ லவ் தி நேச்சர்' என்று காதில் விழுந்ததும், ஆங்கிலத்தில் ஊறியவர் அடுத்த சொல்லுக்குக் காத்திருப்பார். எதனுடைய நேச்சர்? 'தி நேச்சர்' என்றால் பின்னாலேயே ஓர் 'ஆஃப்' வரும் என்பது அவர் பழக்கம். 'தி நேச்சர் ஆஃப் தி ஜாப்', 'தி நேச்சர் ஆஃப் தி பிராப்ளம்'. வேலையின் தன்மை, சிக்கலின் தன்மை. அந்த 'ஆஃப்' வராமலே வாக்கியம் முடிந்தால், இருட்டில் படியிறங்கும்போது கடைசிப் படியைக் காணோம் என்பது போல ஆகிவிடும். உங்கள் மகள் சொல்ல வந்தது மரம், மழை, பறவை. 'தி'யோடு சேர்ந்து வந்தது 'தன்மை'. ஒரு சின்னச் சொல் அர்த்தத்தையே மாற்றிவிட்டது.

சூரியன், நிலா, கடல் கதை வேறு. அவற்றை விரல் நீட்டிக் காட்டலாம். 'நேச்சர்' அப்படி ஒரு பொருள் இல்லை. 'லைஃப்', 'சொசைட்டி', 'ஸ்பேஸ்' போல எல்லாவற்றையும் பொதுவாக அள்ளிக்கொள்ளும் சொல். அவற்றுக்கும் பொதுப்பொருளில் 'தி' கிடையாது. அப்படியானால் 'தி என்விரான்மென்ட்', 'தி யூனிவர்ஸ்' என்கிறார்களே என்று கேட்பீர்கள். கேட்கலாம். இந்த இடத்தில் விதி கொஞ்சம் நொண்டத்தான் செய்கிறது; பழகித்தான் பிடிக்க வேண்டும். ஆனால் விதி நொண்டுகிறது என்பதற்காக விதியே இல்லை என்று சொல்லிவிட முடியாது.

இன்னொன்று. சுற்றுலா போய்வந்து 'தி நேச்சர் தேர் வாஸ் பியூட்டிஃபுல்' என்று எழுதுகிறவர்கள் நிறைய. அங்கே வேண்டிய சொல் 'ஸீனரி' அல்லது 'லேண்ட்ஸ்கேப்'. நேச்சர் கண்ணுக்கு முன்னால் விரியும் காட்சிக்குப் பெயர் இல்லை.

அப்புறம், தமிழில் ஒரே சொல்லோடு முடிந்துவிடுகிறது என்றீர்கள். இது பாதிதான் உண்மை.

நேச்சர் லத்தீனிலிருந்து பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்த சொல். மூலச் சொல்லுக்குப் 'பிறத்தல்' என்று பொருள். 'நேட்டிவ்', 'நேஷன்' எல்லாம் அதன் உறவுதான். ஆக, முதலில் அது குறித்தது கூடவே பிறந்த குணத்தை. மலையும் காடும் அதற்குள் நுழைந்தது பிற்பாடு.

நம் 'இயற்கை'யும் அதே வழியில் வந்ததுதான். இயல், இயல்பு, இயற்கை எல்லாம் ஒரே வேர். தொல்காப்பியம் 'இயற்கைப் பொருளை இற்றெனக் கிளத்தல்' என்கிறது. தானாகவே அப்படி இருப்பதை 'இது இப்படி' என்று சொல்லிவிட வேண்டும். உரைகாரர்கள் தரும் எடுத்துக்காட்டு, 'நிலம் வலிது', 'நீர் தண்ணிது'. அடுத்த சூத்திரமே செயற்கைப் பொருளுக்கு. எருவிட்டு, களையெடுத்து, நீர் பாய்ச்சினீர்களா? அப்படியானால் பயிர் 'நல்லது' என்று மொட்டையாகச் சொல்லக் கூடாது, 'நல்லது ஆயிற்று' என்று அந்த ஆக்கத்தையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். எவ்வளவு நுணுக்கம், பாருங்கள்! வள்ளுவரும் 'உலகத்து இயற்கை அறிந்து செயல்' (637) என்கிறார். அங்கே அருவியைத் தேடாதீர்கள். உலக நடப்பை அறிந்து நடந்துகொள் என்பதுதான் சங்கதி.

பழைய தமிழில் குணத்தைச் சொல்லும் வேலையையும் 'இயற்கை' பார்த்தது. இன்று அந்த வேலையைத் தன்மை, இயல்பு, சுபாவம் எல்லாம் பங்கு போட்டுக்கொண்டுவிட்டன. இது தெரியாமல் மொழிபெயர்க்கிறவர்கள்தான் 'நோயின் இயற்கை' என்று எழுதிவைக்கிறார்கள். நோய்க்குத் தன்மைதான் உண்டு. 'ஹ்யூமன் நேச்சர்' மனித இயல்பு. 'குட்-நேச்சர்ட்' என்றால் நல்ல சுபாவம் உள்ளவர். 'செகண்ட் நேச்சர்' என்பதை 'இரண்டாம் இயற்கை' என்று ஒருவர் எழுதி எனக்கு அனுப்பினார். ஊறிப்போன பழக்கம் என்று மாற்றிப் போட்டேன், கோபித்துக்கொண்டார். கணக்கில் 'நேச்சுரல் நம்பர்' இயல் எண். ஆனால் 'நேச்சுரல் கேஸ்' இயற்கை எரிவாயு. எரிவாயுவை இயல் வாயு என்று சொல்லிப் பாருங்கள், யாருக்கும் புரியாது.

போதாததற்கு நமக்கென்றே ஒரு பொறியும் இருக்கிறது. கடவுள் பெயரை இழுக்க விரும்பாதவர்கள் இறந்தவரைப் பற்றி 'இயற்கை எய்தினார்' என்பார்கள். அதை ஒருவர் அப்படியே 'ஹி அட்டெய்ன்ட் நேச்சர்' என்று ஆங்கிலமாக்கினால், படிக்கிறவர் அவர் காட்டுக்குக் குடிபோய்விட்டார் என்று நினைத்தாலும் ஆச்சரியமில்லை. ஒரே சொல்லோடு வேலை முடிகிற லட்சணம் இதுதான்.

கடைசியாக ஒன்று. 'ஸீனரி' என்பது 'வாட்டர்' மாதிரி, பன்மை ஏற்காது. உங்கள் கேள்வியில் 'ஸீனரிஸ்' இருக்கிறது. அந்த ஆசிரியையிடம் நியாயம் கேட்கப் போவதாக இருந்தால் இந்தக் கடிதத்தைக் கையோடு கொண்டுபோகாதீர்கள்.