‘அது வெறும் பூச்சு விரிசல்தான் சார்!’

கேள்வி: வீடு வாங்குபவர்களுக்காகக் கட்டடத்தைப் பரிசோதித்து அறிக்கை தருவது என் தொழில். சமீபத்தில் ஒரு வீட்டில் ஜன்னல் மூலையிலிருந்து படிக்கட்டு வடிவில் விரிசல் இறங்கியிருந்தது. விற்பவரோ, ‘பெயின்ட் அடித்தால் போய்விடும், விலையைக் கெடுக்காதீர்கள்’ என்று சண்டைக்கே வந்துவிட்டார். இவர்களை எப்படிச் சமாளிப்பது?

பதில்: அவரை ஒப்புக்கொள்ள வைப்பது உங்கள் வேலையே இல்லை. அந்த வாக்குவாதத்தில் இறங்காதீர்கள். தினமும் பார்த்துப் பழகிய சுவரில் விரிசல் கண்ணில் படாமலே போகும். எல்லா மறுப்பும் பொய் அல்ல. ‘அறிக்கை வாங்குபவருக்குப் போகும், அவர் சம்மதித்தால் உங்களுக்கும் காட்டுவார்’ என்று தன்மையாகச் சொல்லிவிட்டு அளவு நாடாவை எடுங்கள்.

பூச்சு விரிசல் மயிரிழை அளவில், வலையாகப் பரவும். செங்கல் இணைப்புகளை ஒட்டிப் படிப்படியாக இறங்கினால், அஸ்திவாரம் ஒரு பக்கம் மட்டும் இறங்குகிறதோ என்று சந்தேகப்பட வேண்டும். விரிசல் மேலே எவ்வளவு அகலம், கீழே எவ்வளவு என்று இரண்டு இடத்திலும் அளந்து, ஸ்கேலை வைத்துப் படம் எடுங்கள். 5 மி.மீ.க்கு மேல் போனால் பெயின்டோடு முடிகிற பழுது அல்ல. தூக்குக் குண்டு விட்டுச் சுவர் சாய்ந்திருக்கிறதா பாருங்கள். அந்த அறைக் கதவு நிலையில் இடிக்கிறதா? முக்கியமாக, விரிசலுக்குள் பழைய பட்டி தெரிகிறதா? ஒருமுறை அடைத்த இடம் மறுபடி பிளந்திருந்தால், சுவர் இன்னும் நகர்கிறது என்பதற்கு அதைவிட நல்ல தடயம் கிடைப்பது அரிது.

ஆனால் ‘அஸ்திவாரம் இறங்கிவிட்டது’ என்று நீங்களாகத் தீர்ப்பு எழுத வேண்டாம். கசியும் குழாய், களிமண்ணில் ஈரத்தை உறிஞ்சும் மரவேர் என்று காரணம் எதுவாகவும் இருக்கலாம். பார்த்ததையும் அளந்ததையும் எழுதி, ‘வாங்கும் முன் கட்டமைப்புப் பொறியாளர் பார்க்க வேண்டும்’ என்று சேருங்கள். விற்பவர் சொன்னதையும் அப்படியே பதிவு செய்யுங்கள். ‘சரிசெய்துவிட்டோம்’ என்றால் எப்போது, யார் செய்தது, ரசீது உண்டா என்று கேளுங்கள்.

ஒன்றே ஒன்றில் மட்டும் விட்டுக்கொடுக்காதீர்கள். அவர் முகத்துக்காக ‘லேசான’, ‘கவலைப்படத் தேவையில்லை’ என்ற சொற்களை நுழைக்காதீர்கள். அந்தச் சுவரோரம் குழந்தைகளைப் படுக்க வைக்கப் போகிறவர் உங்கள் வார்த்தையை நம்பித்தான் கையெழுத்துப் போடுகிறார். அப்புறம், ஏதாவது அறையைத் திறக்க மறுத்தால் கெஞ்ச வேண்டாம். எந்த அறை, ஏன் பார்க்க முடியவில்லை என்பதை அறிக்கையின் முதல் பக்கத்திலேயே எழுதிவிடுங்கள்.